கயிறு யார் கையில்? வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சில ஆங்கிலச் சொற்கள்

கோபியிலும் தாராபுரத்திலும் காங்கேயத்திலும் தமிழ் வழியில் படித்துவிட்டு, கோவை ஐ.டி. கம்பெனிக்கோ திருப்பூர் எக்ஸ்போர்ட் ஆபீசுக்கோ பெருந்துறை சிப்காட்டுக்கோ முதல் வேலைக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆங்கிலம் அறவே தெரியாதவர்கள் இவர்களில் யாரும் இல்லை. படிக்கத் தெரியும், அர்த்தமும் ஓரளவு பிடிபடும். புரியாத பெரிய சொல் வந்தால் அகராதியைப் பார்த்துவிடுவார்கள். சிக்கல் வருவது ரிலீஸ், ரிலீவ், டிஸ்சார்ஜ், லெட் கோ, வாலண்டியர் மாதிரி தினமும் வாயில் புழங்குகிற சொற்களில்தான். தெரிந்த சொல்தானே என்று தாண்டிப் போய்விடுகிறோம், அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டுவிடுகிறோம்.

இங்கே இரண்டு சொற்குடும்பங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று விடுவது, விடுவிப்பது. இன்னொன்று தானாக முன்வருவது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றேதான்: இது யாருடைய விருப்பத்தில் நடக்கிறது?

முதல் படி: பிடித்திருப்பவரைத் தேடுங்கள்

கட்டுத்தறியில் ஒரு மாடு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றைப் பிடித்திருப்பவர் ஒருவர், கட்டப்பட்டிருப்பது ஒன்று, அவிழ்த்தபின் அது போய்ச் சேருகிற இடம் ஒன்று. ரிலீஸ் என்ற சொல் வருகிற எந்த வாக்கியத்திலும் இந்த மூன்றையும் தேடுங்கள்.

'தி பேங்க் ரிலீஸ்ட் தி டாக்குமென்ட்ஸ்' என்றால் பிடித்திருந்தது பேங்க், விடுபட்டது பத்திரம், வந்து சேர்வது உங்கள் கைக்கு. 'ஐ ஹியர்பை ரிலீஸ் மை ஷேர்' என்றால் பிடித்திருப்பவர் நீங்கள், விடுபடுவது உங்கள் பங்கு, போய்ச் சேருவது வேறொருவரிடம். சொல் ஒன்றுதான். முதல் வாக்கியத்தில் உங்களுக்கு வரவு, இரண்டாவதில் செலவு. இந்த மூன்றில் ஏதாவது ஒன்று வாக்கியத்தில் இல்லையென்றால், எழுதியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த வேலைக்குப் போக வேண்டாம்.

இரண்டாம் படி: எந்த இடத்துக் காகிதம் என்று பாருங்கள்

இந்தச் சொற்கள் இடத்துக்கு இடம் நிறம் மாறும். பத்திர ஆபீசிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அங்கே விட்டது திரும்பி வராது.

ரிலீஸ் டீட் என்பது நம் பக்கம் விடுதலைப் பத்திரம். கூட்டுச் சொத்தில் பங்கு உள்ள ஒருவர், தன் பங்கை இன்னொரு பங்காளிக்கு விட்டுக்கொடுத்து எழுதுவது. பணம் வாங்கிக்கொண்டும் எழுதலாம், வாங்காமலும் எழுதலாம். வீட்டுப் பெண்பிள்ளைகளிடம் அண்ணன் தம்பிகள், "அம்மிணி, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடு கண்ணு, சும்மா ஃபார்மாலிட்டிதான்" என்று நீட்டுகிற காகிதம் பெரும்பாலும் இதுதான். ஃபார்மாலிட்டி என்ற சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். சடங்குக்காக என்று நாம் புரிந்துகொள்கிறோம், ஆனால் பதிவான விடுதலைப் பத்திரம் சொத்தையே கைமாற்றுகிறது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்று 1989-ல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தியது. அது அப்போது கல்யாணமாகாமல் இருந்த பெண்களுக்குப் பொருந்தியது. 2005-ல் மத்திய அரசு செய்த திருத்தம் அதை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. சட்டம் கொடுத்ததை ஒரு ரிலீஸ் டீட் ஒரே நாளில் எடுத்துவிடும். விருப்பத்தோடு விட்டுக்கொடுப்பது குடும்பத்துக்குள் நடக்கிற நல்ல காரியமாகவும் இருக்கலாம். என்ன விடுகிறோம் என்று தெரிந்து விட வேண்டும், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் எழுதிய பத்திரமென்றால் ரிலீஸர், ரிலீஸீ என்று இரண்டு பெயர்ச்சொற்கள் வரும். ஒலியில் முடிவெழுத்து மட்டும்தான் வித்தியாசம். ரிலீஸர் விடுகிறவர், ரிலீஸீ பெறுகிறவர். உங்கள் பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 'ரிலீஸ் அண்ட் ரிலிங்க்விஷ்' என்று இரட்டையாக வந்தால் பயப்பட வேண்டாம். இரண்டும் விட்டுக்கொடுப்பதுதான், வக்கீல்கள் இரட்டையாக எழுதுவது பழைய வழக்கம். ஒரு சின்னக் கோடு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரீ என்பதற்கும் லீஸ் என்பதற்கும் நடுவே கோடு போட்டிருந்தால் அது மறுபடி குத்தகைக்கு விடுவது. தோட்டத்துக் காகிதங்களில் இது வரும்.

அப்புறம் பேங்க். வீட்டுக் கடனோ நிலக் கடனோ முழுதாகக் கட்டி முடித்தபின் அடமானப் பத்திரத்தைத் திருப்பித் தருவதை 'ரிலீஸ் ஆஃப் டாக்குமென்ட்ஸ்' என்பார்கள். கடன் முடிந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரத்தைத் தந்துவிட வேண்டும், பேங்க் தரப்பில் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவு போட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டிய ரிலீஸ் இது.

பேங்க் காகிதத்திலேயே வேவர், ரைட் ஆஃப் என்று இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. பேப்பரில் இரண்டையும் தள்ளுபடி என்றே போட்டுவிடுகிறார்கள். இது பெரிய குழப்பம். வேவர் என்றால் கடன் வாங்கியவரை விட்டாயிற்று, இனி கேட்கமாட்டார்கள். ரைட் ஆஃப் என்றால் பேங்க் தன் கணக்குப் புத்தகத்தில் அதை வராக்கடன் என்று ஒதுக்கிவிட்டது, கடன் வாங்கியவர் கட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது. கயிறு பேங்க் கையில்தான் இன்னும் இருக்கிறது. அதே மாதிரி, கடன் அறிக்கையில் க்ளோஸ்ட் என்றிருந்தால் முழுதாகக் கட்டி முடித்தது, செட்டில்ட் என்றிருந்தால் பேசிக் குறைத்து முடித்தது. இரண்டாவது அடுத்த கடனுக்கு இடைஞ்சல்.

திருப்பூர் எக்ஸ்போர்ட் ஆபீசில் மெர்ச்சண்டைசராகவோ டாக்குமென்டேஷனிலோ சேருகிறவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறியதும் சரக்கை ஏற்றிக்கொண்டதற்குச் சான்றாகக் கப்பல் கம்பெனி பில் ஆஃப் லேடிங் தரும். அதன் மூலப் பிரதி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அந்தப் பக்கத் துறைமுகத்தில் சரக்கை எடுக்க முடியும். பணம் வரும்வரை நாம் அதைப் பிடித்து வைத்திருப்பது அதனால்தான். இப்போது சரக்கை வாங்குகிற வெளிநாட்டு பையரிடமிருந்து ஒரு மெயில் வருகிறது: 'ப்ளீஸ் அரேஞ்ச் டெலக்ஸ் ரிலீஸ்'. இதற்கு அர்த்தம், மூலப் பிரதியை இங்கேயே கப்பல் கம்பெனியிடம் ஒப்படைத்துவிடுங்கள், காகிதம் இல்லாமலே சரக்கை எங்களுக்குக் கொடுக்கச் சொல்லி அவர்கள் அந்தப் பக்கத்து ஏஜென்டுக்குத் தகவல் அனுப்பட்டும் என்பது. அந்தக் காலத்தில் தகவல் அனுப்பிய டெலக்ஸ் மெஷின் போய் எவ்வளவோ காலமாயிற்று, பெயர் மட்டும் நின்றுவிட்டது. புதிதாக வந்த பையன் ஏதோ தகவல் அனுப்பச் சொல்கிறார்கள் என்று நினைத்து, நம் சரக்கைக் கப்பலுக்கு ஏற்பாடு செய்கிற ஏஜென்டான ஃபார்வர்டருக்கு ஓகே போட்டால், பணம் வருமுன்பே சரக்கின் மேல் நமக்கிருந்த பிடி போய்விடும். பழைய பையர், கணக்கு நன்றாக ஓடுகிறது என்றால் முதலாளியே தாராளமாக டெலக்ஸ் ரிலீஸ் கொடுப்பார். அது அவர் எடுக்க வேண்டிய முடிவு.

அதே ஆபீசில் ஒரே நாளில் மூன்று ரிலீஸ் பேசுவார்கள். பேமென்ட் ரிலீஸ் என்றால் பணத்தை அனுப்புவது, டாக்குமென்ட் ரிலீஸ் என்றால் காகிதத்தை விடுவது, கார்கோ ரிலீஸ் என்றால் சரக்கை விடுவது. 'கைண்ட்லி ரிலீஸ் அட் தி எர்லியஸ்ட்' என்று எதை என்று சொல்லாமல் மெயில் வந்தால், 'டு யூ மீன் தி பேமென்ட் ஆர் தி டாக்குமென்ட்ஸ்?' என்று ஒரு வரி திருப்பிக் கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

டிஸ்சார்ஜ் மூன்று முகச் சொல். ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்புவது. டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் நாமே கூட்டிப்போனால் 'அகெய்ன்ஸ்ட் மெடிக்கல் அட்வைஸ்' என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அதன்பின் நடப்பதற்குப் பொறுப்பு நம் பக்கம் வந்துவிடும். கோர்ட்டில் டிஸ்சார்ஜ் என்றால் குற்றச்சாட்டு பதிவதற்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிப்பது. விசாரணை முழுதாக நடந்து குற்றமற்றவர் என்று விடுவது அக்விட். பெயிலில் ரிலீஸ் என்றால் வழக்கு அப்படியே நிற்கிறது, ஆள் மட்டும் வெளியே. பவானிசாகர் பக்கத்து ஆட்களுக்கு டிஸ்சார்ஜ் என்றால் தண்ணீர்தான். வழக்கமாக ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிக் கீழ்பவானி வாய்க்காலில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். அந்தத் திறப்பு வாட்டர் ரிலீஸ். எவ்வளவு போகிறது என்ற அளவு டிஸ்சார்ஜ், அது கியூசெக்கில் வரும். ஒரு கியூசெக் என்பது நொடிக்கு ஒரு கன அடி, சுமார் 28.3 லிட்டர்.

வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கோ உழவு சார்ந்த வேலைக்கோ போகிறவர்களுக்கு ரிலீஸ் வேறு. புதிய பயிர் ரகத்தை உழவர்களுக்கு வெளியிடுவது வெரைட்டி ரிலீஸ். கோ என்ற எழுத்தோடு எண் சேர்ந்து வருகிற ரகங்களெல்லாம் கோயமுத்தூரில் பிறந்தவை. பூச்சியை உண்ணும் பூச்சியைத் தோட்டத்தில் விடுவதும் ரிலீஸ்தான். 2008-ல் கோவையில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மரவள்ளியையும் மல்பெரியையும் சேர்த்து அழித்தது. மருந்தடித்து அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த குட்டி ஒட்டுண்ணிக் குளவிகளை வயலில் விட்டபிறகுதான் அது கட்டுக்குள் வந்தது. அறிக்கைகளில் 'ஃபீல்ட் ரிலீஸ்' என்று இருப்பது இதைத்தான்.

மூன்றாம் படி: வேலையை விட்டு வரும்போது எழுதுகிற சொற்கள்

ரிலீவிங் லெட்டர் என்பது பெரும்பாலும் நம் நாட்டில் புழங்குகிற பெயர். வெளிநாட்டுக் கம்பெனிக்கு விண்ணப்பிக்கும்போது ரிலீவிங் லெட்டர் இணைத்திருக்கிறேன் என்றால் அவர்களுக்குச் சட்டென்று புரியாது. முன்பு வேலை பார்த்ததற்கான சான்று என்று விளக்கிச் சொல்லுங்கள். இன்னொன்று, நம் ஊர்க் கடிதங்களில் 'ரிலீவ்ட் ஃப்ரம் ஹிஸ் டியூட்டீஸ்' என்றும் 'ரிலீவ்ட் ஆஃப் ஹிஸ் டியூட்டீஸ்' என்றும் எழுதுகிறார்கள். நமக்கு இரண்டும் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்பதுதான். ஆனால் இரண்டாவதை லண்டன்காரரோ அமெரிக்கரோ படித்தால், இவரை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். அங்கே அது நாசூக்காகச் சொல்லுகிற பதவி நீக்கம். அதனால் உங்கள் கடிதத்தில் நீங்களே ராஜினாமா செய்தீர்கள் என்கிற வரியும் சேர்ந்து இருக்கும்படி கேட்டு வாங்குங்கள்.

லே ஆஃப் இதைவிட ஆபத்தான சொல். ஐ.டி. செய்திகளில் லே ஆஃப் என்றால் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அது அமெரிக்க வழக்கு. நம் தொழிலாளர் சட்டத்தில் லே ஆஃப் என்பது, மின்சாரமோ கச்சாப்பொருளோ இல்லாமல் கொஞ்ச நாளைக்கு வேலை தர முடியாத நிலை. ஆள் இன்னும் கம்பெனி ஆள்தான். தகுதியுள்ள தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து அதில் பாதி இழப்பீடாகத் தர வேண்டும். நிரந்தரமாக ஆட்குறைப்பு செய்வதற்குச் சட்டத்தில் ரிட்ரெஞ்ச்மென்ட் என்று தனிச் சொல் இருக்கிறது. நூல் மில்லில் வேலை பார்க்கிறவருக்கு நோட்டீஸ் போர்டில் லே ஆஃப் என்று கண்டால், இரண்டில் எது என்று தெரிந்தே ஆக வேண்டும்.

இனி, இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வையுங்கள். கம்பெனி உங்களை அனுப்ப முடிவு செய்கிறது, ஆனால் எச்.ஆர். நீட்டுகிற காகிதத்தில் 'வாலண்டரிலி ரிசைன்ட்' என்று இருக்கிறது. நம் பேச்சில் ரிசைன் பண்ணச் சொன்னாங்க என்று சர்வ சாதாரணமாகச் சொல்லுவோம். வாலண்டரிலி என்ற சொல், இது முழுக்க என் விருப்பம், யாரும் சொல்லவில்லை என்று நீங்களே எழுதிக்கொடுப்பது. ரிட்ரெஞ்ச்மென்ட் என்றால் ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாக உண்டு. தானாக ராஜினாமா செய்தவருக்கு அது கிடையாது. அடுத்த வேலைக்குப் போகும்போது ராஜினாமா என்றிருப்பதுதான் மரியாதை என்று சிலர் சொல்லுவார்கள். அதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் பத்து வருடம் உழைத்தவர் எதை விட்டு எதை வாங்குகிறோம் என்று கணக்குப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும். வி.ஆர்.எஸ். இதிலிருந்து வேறு. விருப்ப ஓய்வு, கம்பெனி இன்ன தொகை தருகிறோம் என்று திட்டம் அறிவித்து, விரும்புகிறவர்கள் விண்ணப்பிப்பது. கோவையில் மில் வேலை பார்த்த குடும்பங்களில் இந்த மூன்றெழுத்தைத் தெரியாதவர்கள் இருக்கமாட்டார்கள்.

நான்காம் படி: லெட் பக்கத்தில் நிற்கும் சின்னச் சொல்

லெட் என்றால் விடு. ஆனால் அதற்குப் பின்னால் ஒட்டுகிற சின்னச் சொல்தான் முழு அர்த்தத்தையும் தீர்மானிக்கும்.

'தே லெட் ஹிம் கோ' என்றால் போகவிட்டார்கள் என்றும் இருக்கலாம், வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்றும் இருக்கலாம். ஆபீஸ் பேச்சென்றால் பெரும்பாலும் இரண்டாவது. அதோடு ஒற்றை எஃப் போட்ட ஆஃப் சேர்ந்து 'லெட் கோ ஆஃப்' ஆனால் பிடியை விடுவது, கயிற்றையோ கோபத்தையோ. 'லெட் இட் கோ' என்றால் அந்தப் பேச்சை விடு. இரட்டை எஃப் போட்ட 'லெட் ஆஃப்' தண்டிக்காமல் விடுவது, எச்சரிச்சு விட்டுட்டாங்க என்று நாம் சொல்வதுதான் 'லெட் ஆஃப் வித் எ வார்னிங்'. 'லெட் ஆன்' வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். 'டோன்ட் லெட் ஆன்' என்றால், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, வெளியே சொல்லாதே. அனுமதிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

தையல் செக்‌ஷனில் வேலை என்றால் லெட் அவுட், லெட் டவுன் இரண்டும் தினமும் வரும். அளவு இறுக்கமாக இருக்கிற பீசைத் தையல் பிரித்துக் கொஞ்சம் விட்டுத் தைப்பது லெட் அவுட். எதிர்ப்பதம் டேக் இன், உள்ளே பிடித்துத் தைப்பது. பேன்ட், பாவாடை நீளம் போதாமல் அடிமடிப்பைப் பிரித்து இறக்கினால் லெட் டவுன். பையரின் கமென்ட் ஷீட்டில் 'லெட் அவுட் அட் சைட் சீம்' என்று இருந்தால், பக்கத் தையலில் துணி விட வேண்டும். துணியை விட்டுத் தைக்க உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று முதலில் சாம்பிளைத் திருப்பிப் பாருங்கள். மிச்சம் இல்லாமல் கட் பண்ணிய பீசில் லெட் அவுட் செய்ய முடியாது, அதையும் பையருக்குச் சொல்லியாக வேண்டும். அதே லெட் டவுன் மனிதர்களைப் பற்றி வந்தால் கைவிட்டுவிட்டார், ஏமாற்றிவிட்டார் என்று அர்த்தம். 'யூ லெட் மீ டவுன்' என்று பையர் எழுதினால் அது நீளத்தைப் பற்றிய பேச்சு கிடையாது.

விடுவது பற்றிய மரபுத்தொடர்களில் அடிக்கடி காதில் விழுகிறவை சில உண்டு. 'ஆஃப் தி ஹூக்' என்றால் மாட்டிக்கொண்ட சிக்கலிலிருந்து தப்பினார், பொறுப்பு கழன்றது. 'லெட் ஆஃப் ஸ்டீம்' மனதில் அடைத்திருந்ததைக் கொட்டித் தீர்ப்பது. சாயப்பட்டறை பாய்லரில் அழுத்தம் ஏறினால் வால்வு திறந்து நீராவி போவதைப் பார்த்தவர்களுக்கு இது மறக்காது, சொல் பிறந்ததும் நீராவி எஞ்சினிலிருந்துதான். 'லெட் தி கேட் அவுட் ஆஃப் தி பேக்' என்றால் ரகசியத்தை வாய்தவறி விட்டுவிடுவது, குட்டு வெளிப்படுவது. 'கட் மீ சம் ஸ்லாக்' என்றால் கொஞ்சம் விட்டுப்பிடியுங்கள். 'ஃப்ரீ ரெயின்' குதிரைக் கடிவாளத்தைத் தளர்த்திவிடுவதிலிருந்து வந்தது. மேனேஜர் 'யூ ஹேவ் ஃப்ரீ ரெயின் ஆன் திஸ்' என்றால் உன் இஷ்டப்படி செய். கடிவாளம் அவர் கையில் இருந்து வந்தது என்பதால், நடுவில் ஒருமுறை தகவல் சொல்லிவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: வாலண்டியர் என்ற சொல்லின் எல்லை

வாலண்டியர் என்றால் தன்னார்வலர் என்று மனப்பாடமாக இருக்கும். அதற்கு வேர் லத்தீனில் விருப்பம் என்ற சொல். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தவர்கள் என்.எஸ்.எஸ். வாலண்டியர் என்று போட்டுக்கொள்ளுங்கள், கட்டாயம் போடுங்கள். 1969-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி, இரண்டு ஆண்டில் 240 மணி சேவை. முகாமில் குளம் தூர் வாரியதையும் மரம் நட்டதையும் 'ஐ டிட் சோஷியல் சர்வீஸ்' என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், 'வாலண்டியர்ட் 240 அவர்ஸ் வித் என்.எஸ்.எஸ்.' என்று எழுதி, என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால் எடுபடும். எந்த வேலைக்கு என்று சொல்ல ஃபார் போடுங்கள், யாரோடு என்று சொல்ல வித் போடுங்கள், என்ன செய்ய என்று சொல்ல டு போடுங்கள்.

சம்பளம் இல்லை என்பது வாலண்டியரில் பொதுவாக அடக்கம், எப்போதும் அல்ல. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். அதற்குப் பெயர் ஹானரேரியம், மதிப்பூதியம். ஸ்டைபண்ட் என்றால் பயிற்சிக் காலத்தில் கொடுக்கிற உதவித்தொகை. கம்பெனி ஒன்று வாலண்டியர் தேவை என்று விளம்பரம் போட்டு, முழுநேர ஆபீஸ் வேலை வாங்கி, கடைசியில் சர்டிஃபிகேட் மட்டும் தரப் பார்த்தால், அது சேவை கிடையாது, கூலி கொடுக்காத வேலை. போகும் முன்பே 'இஸ் திஸ் பெய்ட்?' என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. வக்கீலோ டாக்டரோ 'ப்ரோ போனோ' என்றால் ஃபீஸ் வாங்காமல் பொதுநன்மைக்குச் செய்வது.

வினைச்சொல்லாக வரும்போது இதற்கு மூன்று திருப்பங்கள் உண்டு. 'ஹி வாலண்டியர்ட் மீ' என்றால் என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டான். இதற்கு வாலண்டோல்ட் என்று ஒரு பேச்சுச் சொல்லே உண்டாகியிருக்கிறது, அடுத்தவர் சொல்லி 'தானாக' முன்வந்தவர். ஆபீஸ் ஆண்டு விழாவுக்குப் பெயர் கொடுக்கப்பட்டவர்களுக்கு இது நன்றாகப் புரியும். இரண்டாவது, 'வாலண்டியர் இன்ஃபர்மேஷன்'. கேட்காத தகவலைத் தானாகச் சொல்வது. விசா இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு 'டோன்ட் வாலண்டியர் இன்ஃபர்மேஷன்' என்று சொல்லி அனுப்புவார்கள். பொய் சொல் என்று அதற்கு அர்த்தமே இல்லை. கேட்டதற்கு உண்மையான பதில், கேட்காததற்குப் பேச்சு வேண்டாம், அவ்வளவுதான். ஊர், உறவு, தோட்டம் என்று விலாவாரியாகச் சொல்லிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் சிரமம். மூன்றாவது, செடி. போன வெள்ளாமையில் சிந்திய கடலையோ சோளமோ மழைக்குத் தானாக முளைத்து நிற்குமே, அதை ஆங்கிலத்தில் வாலண்டியர் பிளான்ட் என்பார்கள். யாரும் விதைக்காமல் தானே வந்தது. அடுத்த பயிருக்குப் பூச்சியும் நோயும் அதில் தங்கிவிடும் என்று பிடுங்கச் சொல்வார்கள். ஆய்வுக் கட்டுரையில் இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுத் தன்னார்வலர் நட்ட செடி என்று மொழிபெயர்த்துவிட வேண்டாம்.

ரத்த வங்கிப் படிவத்தில் வாலண்டரி டோனர் என்றால் யாருக்கு என்று பார்க்காமல் தானமாகக் கொடுப்பவர், ரீப்ளேஸ்மென்ட் டோனர் என்றால் தன் நோயாளிக்காகக் கொடுப்பவர். பி.எஃப். காகிதத்தில் வாலண்டரி என்றால் கட்டாயப் பிடித்தத்துக்கு மேல் நாமே கூடுதலாகச் சேமிப்பது.

முன்வருவதற்கான தொடர்களை வேகமாகப் பார்த்துவிடலாம். பிட்ச் இன் என்றால் எல்லோரோடும் சேர்ந்து கைகொடுப்பது. சிப் இன் என்றால் பெரும்பாலும் பணம், ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்ப்பது. ஸ்டெப் அப் பொறுப்பை ஏற்க முன்னே வருவது, ஸ்டெப் டவுன் பதவியை விட்டு இறங்குவது, ஸ்டெப் இன் இடையில் தலையிட்டு உதவுவது. 'த்ரோ யுவர் ஹேட் இன் தி ரிங்' என்றால் போட்டியில் நானும் இருக்கிறேன் என்று அறிவிப்பது, சங்கத் தேர்தலில் நிற்கிற மாதிரி. 'டேக் ஒன் ஃபார் தி டீம்' பேஸ்பாலிலிருந்து வந்தது, கூட்டத்துக்காகத் தான் அடிபடுவது.

பழகிப் பார்க்க இடமும் இங்கேயே இருக்கிறது. திருப்பூரில் 2015-லிருந்து வனத்துக்குள் திருப்பூர் என்று மரம் நட்டு வருகிறார்கள், கோவையில் ஞாயிற்றுக்கிழமைகளில் குளக்கரையில் கூடி வேலை செய்கிறவர்கள் உண்டு. இப்படிக் கூடுகிற இடங்களில் ஐ.டி. ஆட்களும் கல்லூரி ஆட்களும் கலந்து நிற்பார்கள். மண்வெட்டியோடு பேசுகிற ஆங்கிலத்தில் தப்பு வந்தால் யாரும் கணக்கு வைக்கமாட்டார்கள்.

ஆறாம் படி: பதில் எழுதுவது

ஒப்புக்கொள்வது சுலபம். 'ஐ'ம் ஹேப்பி டு ஹெல்ப்', 'கவுன்ட் மீ இன்' இரண்டில் ஒன்று போதும். மறுப்பதில்தான் நம் ஆட்கள் தடுமாறுவார்கள். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லுவது கொங்குப் பேச்சில் இல்லை. "பாக்கலாமுங்க" என்போம், கேட்கிறவருக்கும் அது இல்லை என்று புரிந்துவிடும். அதையே 'லெட் மீ சீ' என்றோ 'ஐ வில் ட்ரை' என்றோ ஆங்கிலத்தில் எழுதினால், வெளியூர் மேனேஜர் செய்வதாகத்தான் எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மாலை வந்து கேட்பார். 'தேங்க்ஸ் ஃபார் ஆஸ்கிங், பட் ஐ வோன்ட் பி ஏபிள் டு டேக் திஸ் ஆன்' என்று எழுதுங்கள். இது மரியாதைக் குறைவு இல்லை, அந்த மொழியில் இதுதான் மரியாதை.

கடைசியாக ஒரு வரி. ரிலீஸ் டீடோ, வாலண்டரி என்ற சொல் உள்ள ராஜினாமாவோ, எதுவாக இருந்தாலும் உடனே கையெழுத்து வேண்டும் என்று முன்னால் நீட்டினால் சொல்லுவதற்கு: 'ஐ நீட் எ டே டு ரீட் திஸ் பிஃபோர் ஐ சைன்.' சத்தமாக இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள். தமிழில் சொன்னாலும் போதும்: "ஒரு நாள் டைம் குடுங்க, படிச்சுப் பாத்துட்டுப் போடறனுங்க."